நெடுந்தூரக் குதிரைச் சவாரியும் துணைக்குழுக்களும்

நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டிகளிற் பங்குபற்றுவோருக்குத் தனிப்பட்ட துணைக்குழுக்கள் உதவலாமா என்ற வினா எழும்போதெல்லாம், அவ்வுதவி குதிரையின் நன்மைக்கே என்ற விடை ஆயத்தமாக வந்துவிடுகிறது. கேட்பதற்கு இனிய விடைதான். ஆயின் போட்டி விதிகளோடு வைத்து ஆராயும்போது அது நிலைப்பதில்லை.

1955இல் வெண்டல் ரொபியும் தோழர் சிலரும் தாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து சியரா நெவாடா மலைகளைக் கடந்து கலிபோர்னியாவின் ஓபேர்ண் நகரை அடைந்தனர். ஏறத்தாழ 100 மைலை ஒரே நாளிற் கடக்கக் குதிரைக்கு இயலும் எனக் காட்டுவதே அவர்கள் நோக்கம். அதிலிருந்து பிறந்த ரெவிஸ் கிண்ணப் போட்டியில், மேலும் பயணஞ் செய்யத்தக்க நிலையிலுள்ள குதிரையோடு 24 மணி நேரத்துள் வந்து சேரும் ஒவ்வொருவரும் வெள்ளிப் பக்கிள் பெறுகின்றனர். சோதிக்கப்படுவது குதிரையின் திறனும், அதனை அறிந்து செலுத்துபவரின் விவேகமுமேயாம்.

துணைக்குழு இச்சோதனையை எவ்வாறு மாற்றுகிறது? இடைத்தரிப்பில் குதிரையின் இதயத்துடிப்பு குறித்த அளவுக்கு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 64க்கு, இறங்கிய பின்னரே கட்டாய ஓய்வு நேரம் கணக்கிடப்படத் தொடங்கும். எனவே துடிப்பு விரைந்து இறங்கினால் புறப்பாடும் முந்தும். துணையற்றவர் இதனை அறிந்து, தரிப்பிடத்துக்குச் சற்று முன்னரே இறங்கிக் குதிரையை நடத்தி வருகிறார். அந்நடையே குதிரைக்குக் கிடைக்கும் முதல் ஓய்வு. துணையுள்ளவருக்கு அந்தக் கவலை இல்லை. வாயில்வரை விரட்டி வரலாம். சேணத்தைக் கழற்ற ஒருவர், குளிர்நீர் ஊற்ற இருவர், பனிக்கட்டியோடு இன்னொருவர் காத்திருக்கின்றனர். ஓட்டியவரின் அவசரத்துக்கான விலையை வாளிகள் செலுத்திவிடுகின்றன. இதனைக் குதிரை நலன் என்பது சொல்லின் துஷ்பிரயோகமாகும்.

குளிர்நீரை எவரும் பழிக்கவில்லை. 1996 அத்லாந்தா ஒலிம்பிக்கை முன்னிட்டு நடைபெற்ற ஆய்வுகள், வெப்பத்தில் ஓடிய குதிரையின் உடலிற் குளிர்நீரை இடையறாது ஊற்றுவது பயனுள்ளது என நிறுவின. தசை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய அச்சம் அதனோடு வலுவிழந்தது. எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுவே. ஆயின் நீர் குதிரையின் உயிர்த்தேவை என்றால், ஆட்களையும் வாகனத்தையும் கொண்டுவர வசதியுள்ளவரின் குதிரைக்கு மட்டும் அது தாராளமாகக் கிடைப்பது எந்த நியாயம்? ரெவிஸ் பாதையில் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் பணிபுரிகின்றனர். தொட்டிகளில் நீரும் வைக்கப்படுகிறது. அவ்வேற்பாட்டையே விரிவாக்கி, நீர், பனிக்கட்டி, தீனி, உதவும் கை யாவற்றையும் அமைப்பாளர்களே எல்லாக் குதிரைகளுக்கும் சமமாக வழங்கவேண்டும். தனிப்பட்ட குழுக்கள் விலக்கப்படவேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு எனச் சிலர் நகைப்பர். 1961இல் அமெரிக்காவில் தோன்றிய வட அமெரிக்கப் பாதைச் சவாரி மாநாடு, குதிரையைப் பேணும் பொறுப்பைச் சவாரி செய்பவரிடமே விட்டு, அப்பேணலுக்கும் புள்ளி வழங்கிவந்தது. 2009இல் தொடங்கிய மொங்கோலிய டேர்பியில், ஏறத்தாழ 1000 கிலோமீற்றரைத் தனிப்பட்ட துணைக்குழுவின்றியே கடக்கின்றனர். சுமார் 40 கிலோமீற்றருக்கு ஒருமுறை குதிரை மாறும். இதயத்துடிப்பு உரிய காலத்தில் இறங்காவிடின் ஓட்டியவருக்கு நேரத் தண்டனை.

மறுதிசையிற் சென்றால் எங்கு போய்ச் சேரலாம் என்பதற்கும் சான்றுண்டு. வளைகுடாவின் சமதரைப் போட்டிகளில் ஓடும் குதிரைக்குப் பக்கத்திலேயே வாகனங்கள் அணிவகுத்துச் சென்று நீர்ப்போத்தல்களை நீட்டின. 2015 மார்ச்சில் சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம், குதிரை நலனையும் விதிமீறல்களையும் முன்னிட்டு ஐக்கிய அரபு இராச்சியத்தின் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. துணைக்குழுக்களே அதற்குக் காரணம் என்பது மிகை. ஆயினும் வேகத்தை மட்டும் போற்றும் போட்டியில் துணைக்குழு எதன் கருவியாகிறது என்பதை அந்த வாகன வரிசை காட்டிற்று.

எஞ்சுவது குடும்பத்தாரின் முறைப்பாடு. விடியுமுன் எழுந்து, புழுதியிற் காத்திருந்து, தம்மவரின் குதிரைக்கு நீர் வார்க்கும் மனைவியரையும் மக்களையும் துரத்துவதா என்கின்றனர். எவரையும் துரத்தவேண்டியதில்லை. அவர்களும் பொதுத்தொண்டரோடு நிற்கட்டும். அடுத்து வரும் அயலானின் குதிரைக்கும் அதே வாளியால் நீர் ஊற்றுவதில் அவர்களுக்கு நேரும் நட்டந்தான் யாது?