கொழுந்து பறிக்கும் கைகளில் மரத்துப்போகும் விரல்கள்: சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு, இழக்கும் கூலிக்கு யார் பொறுப்பு?

பொன்முடி: திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள பொன்முடி மலைப்பாதையின் இருபுறமும் விரியும் தேயிலைத் தோட்டங்கள் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சிப் பொருள். அங்கு கொழுந்து பறிப்போருக்கோ, விரல்களின் வேகமே வருமானம். அந்த விரல்கள் மரத்துப்போனால் ஏற்படும் இழப்பு, மருத்துவமனை ரசீதோடு முடிந்துவிடுவதில்லை.

மணிக்கட்டில் எலும்புகளுக்கும் தசைநாருக்கும் இடையே உள்ள குறுகிய பாதை வழியாக உள்ளங்கைக்குச் செல்லும் நரம்பு அழுத்தப்படுவதால் ஏற்படுவது 'கார்பல் டனல் சிண்ட்ரோம்'. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போதல், இரவில் வலி, பிடிமானம் குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். பெண்களிடையே இந்தப் பாதிப்பு அதிகம். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலானோரும் பெண்களே.

கேரளத்தில் 2015-ம் ஆண்டு மூணாறு பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, தேயிலைத் தொழிலாளர்களின் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதன் பின்னரும் கூலி உயர்ந்துள்ளது. எனினும் 301 ரூபாய் என்ற பழைய கணக்கையே எடுத்துக்கொண்டாலும், அறுவை சிகிச்சைக்குப் பின் கடினமான கைவேலைக்குத் திரும்ப ஆறு வாரங்கள் ஆனால், 36 வேலை நாள்களுக்கு 10,836 ரூபாய் இழப்பு. இரு கைகளுக்கும் தனித்தனியே சிகிச்சை என்றால் அது 21,672 ரூபாய். நிர்ணயிக்கப்பட்ட எடைக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்கான ஊக்கத்தொகை இக்கணக்கில் சேரவில்லை.

சிகிச்சைக்கு வழி இல்லாமல் இல்லை. காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆனால் அது முதன்மையாக மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுப் பெறும் சிகிச்சைக்கானது. மணிக்கட்டுப் பட்டை, மாத்திரை, ஊசி, நரம்புக் கடத்தல் பரிசோதனை ஆகிய தொடக்கநிலைச் செலவுகளும், மலையிலிருந்து நகரத்துக்கு வந்துபோகும் பயணச் செலவும் பெரும்பாலும் கைக்காசிலிருந்தே செல்கின்றன. இதனால் சிகிச்சை தள்ளிப்போகிறது. நீண்ட காலம் அழுத்தப்பட்ட நரம்பு, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் முழுமையாக மீளாமல் போகலாம்.

இழப்பீட்டில்தான் சிக்கல் அதிகம். மணிக்கட்டை வருத்தும் தொடர் வேலையால் ஏற்படும் இந்தப் பாதிப்பை, 2010-ல் திருத்தப்பட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு பெயர் குறிப்பிட்டுச் சேர்த்தது. இந்தியாவின் 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இப்பெயர் இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு இழப்பீடு பெற, பணியின்போது நேர்ந்த குறிப்பிட்ட விபத்துக் காயமே நேரடிக் காரணம் என நிரூபிக்க வேண்டும். பல ஆண்டுகளாகக் கொழுந்து கிள்ளியதால் வந்த நோய்க்கு எந்த நாளை விபத்து நாளாகக் காட்டுவது?

1923-ம் ஆண்டுச் சட்டத்தையும் உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தோட்ட நிர்வாகங்கள் விரும்பினால் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இணைய அதில் இடம் உண்டு. இணைந்தால், தகுதியுள்ள தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் அந்த விருப்பம் தொழிலாளியுடையது அல்ல, நிர்வாகத்துடையது. கை ஓய்வெடுக்கும் நாள்களில் அடுப்பு எரியுமா என்பது இப்போதைக்கு அந்த முடிவையே சார்ந்திருக்கிறது.