எந்த ஆயில், யாருடைய கார்

காருக்கு எந்த இன்ஜின் ஆயில் ஊற்றுவது, அதை எந்தக் கடையில் மாற்றுவது என்பது பெண்ணியக் கேள்விதான். சிரிக்க நினைப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

சாத்தூரிலிருந்து கல்லூரிக்கு நான்குவழிச் சாலையில் தினமும் நானே ஓட்டிப் போகிறேன். மாதத் தவணை என் சம்பளத்தில் போகிறது. ஆனால் ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், பேச்சு என் தோளுக்குப் பின்னால் இல்லாத ஒருவரை நோக்கிப் போகிறது. "சார் வரலையா டீச்சர்?" வரவில்லை. "அப்ப எந்த ஆயில் ஊத்தணும்னு சார்ட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க." சாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதைச் சொன்னால், புருஷன் மானத்தை வாங்குகிறவள் என்பதுபோல ஒரு பார்வை.

அந்தக் கேனில் அப்படி என்ன மறைபொருள் இருக்கிறது? 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. எண் குறையக் குறைய ஓட்டம் எளிது. இரண்டாவது எண், இன்ஜின் சூடேறி நூறு டிகிரியில் இருக்கும்போது ஆயிலின் கெட்டித்தன்மை. "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40தான்" என்பார்கள். சாத்தூர் வெயில் எனக்கும் தெரியும். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினுக்கு, அது ஓடும்போது அடையும் சூட்டோடு பார்த்தால், சித்திரை மாதக் காலையும் குளிர்தான். ஆயில் மேலேறிப் போய்ச் சேரும்வரை உலோகம் உலோகத்தோடு உரசும். மெல்லிய ஆயிலுக்கென்றே செய்த இன்ஜினில் கெட்டியானதை ஊற்றினால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். கையேடே 20டபிள்யூ-40 என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள். எண்ணோடு எனக்குச் சண்டையில்லை. எந்த எண், எந்த ஏ.பி.ஐ. தரம், ஃபில்டரோடு எத்தனை லிட்டர், எல்லாம் அந்தக் கையேட்டில் இருக்கிறது. சேனாவரையர் உரையோடு மல்லுக்கட்டியவளுக்கு இது ஒரு பொருட்டா? பத்தாம் வகுப்பு படித்த பெண்ணுக்கே பொருட்டில்லை. முன்சீட்டுப் பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடக்கிறது, எடுத்துப் படிக்கலாம்.

அடுத்த வித்தை கறுப்பு விரல். டிப்ஸ்டிக்கை உருவி, விரலில் தொட்டு, "தார் மாதிரி இருக்கு பாருங்க மேடம்" என்று நீட்டுவார்கள். ஆயிலில் கலந்திருக்கும் அழுக்கு நீக்கும் பொருட்கள் கரியை இழுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்வதால்தான் அது கறுக்கிறது. அதாவது, வேலை செய்கிறது. மாற்றும் காலத்தைச் சொல்ல வேண்டியது ஓடிய கிலோமீட்டரும் கழிந்த மாதமும். அந்த ஒற்றை விரலைக் காட்டித்தான் இன்ஜின் ஃப்ளஷ், கோட்டிங் எல்லாம் பில்லில் ஏறுகின்றன. நகைக்கடையில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று குடைந்து கேட்கிற நாம், இங்கே மட்டும் தலையாட்டுகிறோம்.

தலையாட்டலுக்கு விலை உண்டு. அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்களும் பெண்களும் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போன் செய்து ஒரே மாதிரிக் காரின் ரேடியேட்டரை மாற்ற விலை கேட்டார்கள். விலை தெரியாது என்று சொன்ன பெண்களுக்கு, அதையே சொன்ன ஆண்களைவிடக் கூடுதலான தொகை சொல்லப்பட்டது. சந்தை விலையைக் குறிப்பிட்டுக் கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்தது. இதைப் படித்துவிட்டு, "ஆக, பெண்கள்தான் விலையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்" என்று நமக்கே வீட்டுப்பாடம் தருகிறார்கள். என் கேள்வி வேறு. ஒன்றுமே தெரியாத ஆணுக்கு அந்தத் தள்ளுபடி எதற்காக?

சரி, எங்கே மாற்றுவது? கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் 'லேடீஸுக்குப் பாதுகாப்பு' என்பார்கள். ஏ.சி. அறை, காபி, கூடவே வெளியே மாற்றினால் வாரண்டி போய்விடும் என்ற மிரட்டல். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் பழுதுபார்க்கும் விவரங்களும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே காட்டியதற்காகவே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. உறை போட்ட இருக்கையில் நம்மை உட்காரவைத்துப் பாதுகாப்பது யாரை என்று இதிலிருந்து யோசிக்கலாம்.

நான் இப்போது போவது ஒரு தகர ஷெட்டுக்கு. நாற்காலி இல்லை, கழிப்பறை இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.

கார் வைத்திருப்பவளின் புலம்பல் இது என்று ஒரு மாணவி சொன்னாள். ஆலை வேனில் நெருக்கியடித்துப் போகிறவர்கள் இருக்கிற ஊரில் அது நியாயமான வாதம். அந்த வேனையே பார்ப்போம். சரம் பின்னுவதும் திரி வைப்பதும் பெரும்பாலும் பெண்கள். உராய்வு என்றால் என்ன என்று இந்தக் கரிசல் மண்ணில் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மருந்துக்குப் பக்கத்தில் உட்காரவைக்கும்போது 'பொம்பளைகளுக்குத்தான் பொறுமை, பதனம்' என்று புகழ்கிற அதே ஊர், காசு கொடுத்து மூன்று லிட்டர் ஆயில் கேட்டு வந்து நின்றால் 'உங்களுக்குப் புரியாது' என்கிறது. கூலி வாங்கும் கைக்கு இருக்கிற அறிவு, காசு கொடுக்கும் கைக்கு இல்லாமல் போகிறதாம்.

போங்கள். கேனின் சீலை உங்கள் கண்ணெதிரில் உடைக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள். காலிக் கேனை வாங்கி ஓட்டை போடுங்கள். அதில் போலி ஆயிலை நிரப்பி இன்னொருத்தி தலையில் கட்டிவிட முடியாது. பில்லைக் கையில் வாங்கியதும் பெயரைப் பாருங்கள். ஆர்.சி. என் பெயரில் இருந்தும் முன்பு போன சர்வீஸ் சென்டரில் மூன்று வருடம் என் கணவர் பெயரில்தான் பில் அடித்தார்கள். நான்காம் வருடம், திருத்தித் தரும்வரை பணம் கட்டாமல் கவுண்டரிலேயே நின்றேன். நாற்பது நிமிடம் ஆனது.