காலுக்கு இறங்கும் வலி

வாழைத்தாரைத் தோளில் ஏற்றி வரப்பில் நடப்பவருக்கும், பொழுதுக்கும் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கும் இடுப்புவலி புதிதல்ல. அந்த வலி பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாகப் பாதம்வரை கரண்ட் அடித்ததுபோல் வெட்டி இழுத்தால் அது வேறு சங்கதி. பெரும்பாலும், முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது. சயாட்டிகா என்கிறார்கள் மருத்துவர்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டம் ஏரலின் கடைத்தெரு மூழ்கியபோது, சேற்றை அள்ளியதும் ஊறிக் கனத்த மூட்டைகளைத் தூக்கியதும் இந்த முதுகுகள்தான். நிவாரணக் கணக்கில் வீடும் பயிரும் மாடும் வந்தன, முதுகு வரவில்லை. அதே மாதம்தான் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான நெறிமுறையை வெளியிட்டது. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது. பெல்ட்டும் இழுவை சிகிச்சையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், உடற்பயிற்சி கொடுங்கள், நோயாளிக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்கிறது அந்த நெறிமுறை.

நம் ஊர்ப்புறங்களில் நடப்பதோ நேர்மாறு. மருந்துக்கடையில் வலி மாத்திரை, ஓர் ஊசி, ஒரு பெல்ட், வாரக்கணக்கில் படுக்கை. நரம்புவலிக்கென்று எழுதித் தரும் பிரிகாபலின் மாத்திரையை ஆஸ்திரேலியாவில் சயாட்டிகாவுக்குச் சோதித்து, முடிவை 2017இல் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட அது கால்வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றலைத்தான் கூட்டியது. (சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது.) தொடர்ந்து படுத்தே கிடந்தால் தசை தளர்கிறது, நடக்கப் பயம் வருகிறது, வேலை போகிறது.

பிசியோவிடம் போனவர்களும் பல நேரம் "கரண்ட் வச்சு அனுப்பினாங்க" என்கிறார்கள். கரண்ட் மட்டும் வைப்பது சிகிச்சை ஆகாது. நோயாளியைக் கவிழ்ந்து படுக்கவைத்து, முழங்கையை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்தச் சொல்லிப் பார்க்க வேண்டும். பாதத்து வலி கெண்டைக்காலுக்கும், பிறகு தொடைக்கும் ஏறி, இடுப்பில் வந்து நின்றால் நல்ல அறிகுறி. இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் பயப்பட வேண்டாம். அதே அசைவில் வலி இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். வயதாகி, தண்டுவடம் செல்லும் குழாய் சுருங்கியவர்களுக்குக் குனிவதே சுகமாக இருக்கும். யாருக்கு எந்த அசைவு என்று தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் இயன்முறை மருத்துவரின் வேலை. யூடியூப் அதைச் செய்யாது. பிறகு நடை, நரம்பை மெல்ல அசைத்துவிடும் பயிற்சி, பிட்டத் தசைக்கு வலு, தாரை முதுகு வளையாமல் தூக்கும் விதம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்களில், கத்தியில்லாமலே தேறிவிடும்.

எல்லோருக்கும் அப்படியல்ல. பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் கழிந்தாலோ, இரு தொடைக்கும் நடுவே மரத்துப்போனாலோ எண்ணெய் தடவவும் கூடாது, பயிற்சி செய்யவும் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்காமல் தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் அந்த நரம்புகள் மீளாமலே போகலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில், பக்கவாதத்தில் படுத்திருப்பவர்களைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதாது. சயாட்டிகா நோயாளியை வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்து, பயிற்சியை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பகலில் வந்தால் நோயாளிக்கு அன்றைய கூலி போகும். ஏரலில் தினமும் மாலை நேரத்தில் இயங்கும் இயன்முறை சிகிச்சை அறை ஒன்று வேண்டும். ஒரு மேசை, ஒரு பாய், முழுநேரப் பணியில் ஒருவர், இவ்வளவுதான் செலவு. மாவட்ட நிர்வாகம் இதை அடுத்த நடவுக்கு முன்பே செய்து முடிக்க வேண்டும்.