பூண்டு தட்டும் உரிமை

2022 ஜூலையில் சீனாவை ஒரு பூண்டுப் பல் கொந்தளிக்க வைத்தது. குவாங்ஜோ நகரில் ஒரு வாடிக்கையாளர் தன் சமையல் கத்தியைப் படுக்கவைத்துப் பூண்டைத் தட்டினார். கத்தி உடைந்துபோயிற்று. அதைத் தயாரித்தது ஜாங் சியாவ்ச்சுவான் என்ற நிறுவனம். 1628-ல் ஹாங்ஜோவில் பிறந்த பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்ளும், கத்தரிக்கோலுக்குப் பெயர்போன பழம்பெரும் பெயர். புகார் செய்தவருக்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு சொன்ன பதில்: எங்கள் கத்தியால் பூண்டு தட்டக் கூடாது.

விவகாரம் அதோடு முடிந்திருக்கலாம். நேரம் பார்த்து அந்த நிறுவனத்தின் பொது மேலாளர் எப்போதோ கொடுத்த பேட்டி ஒன்று வெளியே வந்தது. சீனர்கள் இத்தனை காலமாகக் காய் நறுக்கும் முறையே தவறு, மிஷலின் நட்சத்திரம் பெற்ற சமையல்காரர்கள் இப்படி நறுக்குவதில்லை என்ற பொருளில் அதில் அவர் பேசியிருந்தார். எரிகிற கொள்ளியில் எண்ணெய். தேசமே திரண்டு கண்டனம் தெரிவிக்க, மேலாளர் மன்னிப்புக் கேட்டார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஒரு கத்தி உடைந்ததற்கு இத்தனை ரகளையா? ஆனால் அது எப்படிப்பட்ட கத்தி, ஒரு சீன வீட்டில் அது என்னென்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கோபத்தின் நியாயம் புரியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அகலமான செவ்வகத் தகடு, குட்டையான கைப்பிடி. பார்த்த மாத்திரத்தில் கசாப்புக் கடை ஞாபகம்தான் வரும். ஆங்கிலத்தில் இதற்கு ‘க்ளீவர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிளப்பது என்று அர்த்தம். அவர்கள் ஊரில் அது கறிக்கடைக்காரர் எலும்பு வெட்டும் கனத்த கத்தியின் பெயர். அதைத் தமிழாக்கப் போனால் வெட்டுக்கத்தி என்றுதான் வந்து நிற்கும். சீனர்கள் சொல்வதோ ‘ட்சாய் தாவ்’. தாவ் என்றால் கத்தி. ட்சாய் என்றால் கீரை, காய்கறி. ஆக, இது பரம சாதுவான காய்கறிக் கத்தி. மொழி மாறும்போது ஒரு சொல் பிசகியதில் கொலைக் கருவியாகிவிட்டது. பெயரை நம்பி எலும்பின் மேல் ஓங்கிப் போட்டுக் கத்தியின் வாயைச் சிதறடித்துக்கொண்டவர்கள் மேற்கே நிறைய உண்டு.

பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இதில் மூன்று ஜாதி உண்டு. ஒன்று, மெல்லிய கத்தி. அலகு சுமார் 20 செ.மீ. நீளம், 9 அல்லது 10 செ.மீ. அகலம். முதுகுப்புறமே இரண்டு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். காய்கறி, எலும்பில்லாத இறைச்சி, மீன் எல்லாம் இதன் ராஜ்யம். ஹாங்காங்கில் விற்கும் இவ்வகையில் ஒன்றுக்கு ‘மல்பெரிக் கத்தி’ என்றே பெயர். பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை நறுக்கிய கத்தி அது என்கிறார்கள். இரண்டாவது, எலும்பு வெட்டும் கனத்த கத்தி. வீட்டுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. மூன்றாவதன் பெயர் ‘வென் வூ தாவ்’. வென் என்றால் கல்வி, வூ என்றால் போர். முன்பாதி மெலிந்து நறுக்குவதற்கு, பிடியை ஒட்டிய பின்பாதி தடித்துக் கோழி எலும்பு வெட்டுவதற்கு. புலவரும் போர்வீரரும் ஒரே கைப்பிடியில்.

இனி வேலைப் பட்டியல். வாயால் நறுக்கலாம். பிடியை ஒட்டிய மூலையால் உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்டலாம். முதுகுப்புறத்தால் இறைச்சியைக் கொத்தி மென்மையாக்கலாம். கைப்பிடியின் அடிப்பாகத்தால் மிளகை இடிக்கலாம். படுக்கவைத்து ஒரு தட்டு தட்டினால் பூண்டு நசுங்கித் தோல் தானே கழன்று வரும், இஞ்சி நார் நாராகப் பிரியும். பூண்டு நசுங்கும்போது அதன் செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனியாக இருந்த பொருள்கள் கலந்து அந்தக் கார மணம் பிறக்கிறது. கத்தியால் துண்டு போட்டால் இந்த அளவுக்கு மணக்காது. எல்லாம் முடிந்ததும் அகலமான அலகையே கரண்டியாக்கி, நறுக்கியதை வாரி வாணலியில் கொட்டலாம். சட்டென்று கூர் மங்கினால் பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, பளபளப்பு ஏறாத அடி வளையத்தில் நாலு இழுப்பு. சாணைக்கல் எடுக்கும்வரை சமாளித்துவிடும்.

அலகின் அகலத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பார்ப்பவர் பயப்படும் அந்த அகலம்தான் விரலுக்குப் பாதுகாப்பு. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகைப் பிடிக்கும் அருகே இருபுறமும் கவ்வ, மற்ற விரல்கள் பிடியைச் சுற்றிக்கொள்ளும். இடது கை விரல் நுனிகளை உள்ளே மடக்கிக் காயைப் பிடிக்க வேண்டும். மடங்கிய விரல் கணுக்களை உரசியபடியே அலகு மேலும் கீழும் போய்வரும். கணுவுக்கு மேல் வாய் உயராதவரை விரல் வெட்டுப்பட வழியில்லை. அகலம் குறைந்த கத்தியில் இந்தத் தாராளம் கிடையாது. நம் அரிவாள்மணையில் கத்தி அசையாமல் நிற்க, காய் இரண்டு கைகளுடன் அதனிடம் போகிறது. இங்கே காய் பலகையில் கிடக்க, கத்தி அதனிடம் வருகிறது. மேற்கத்தியர் கத்தியின் முனையைப் பலகையில் ஊன்றி ஊஞ்சல்போல் ஆட்டுவார்கள். சீனக் கத்தியின் வாய் ஏறக்குறைய நேர்கோடு. ஆட்ட முடியாது. முன்னால் தள்ளியபடியே கீழே இறக்க வேண்டும். மேலாளர் ‘தவறு’ என்றது இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கையில் படிந்த ஒரு பழக்கத்தைத்தான்.

அந்தப் பழக்கத்துக்குக் காரணம் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. குச்சியால் சாப்பிடுகிறவர்களுக்கு மேஜையில் கத்தி கிடையாது. வெட்டும் வேலை முழுதும் அடுக்களையிலேயே முடிந்தாக வேண்டும். கொதிக்கும் வாணலியில் இரண்டு மூன்று நிமிஷத்தில் வேக வேண்டுமென்றால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் ஒன்று கருகும்போது மற்றது பச்சையாக நிற்கும். அதனால் சீனச் சமையலில் வெட்டுக்கு வெட்டு பெயர் உண்டு: வில்லை, நூல், கட்டை, பொடி, காயை உருட்டி உருட்டிப் போடும் கோணல் துண்டு. யாங்ஜோ நகரில் 18-ஆம் நூற்றாண்டு பௌத்தத் துறவி ஒருவர் பெயரால் வழங்கும் ‘வென்ஸி டோஃபு’ என்ற சூப்பில், தொட்டால் உடையும் டோஃபுவை இந்தப் பெரிய கத்தியால் தலைமுடிபோல் இழை இழையாக நறுக்குகிறார்கள். தத்துவஞானி ஜுவாங்ஸியின் பெயரால் வழங்கும் நூலில் ஒரு சமையல்காரர் வருகிறார். பத்தொன்பது வருஷம் ஒரே கத்தியால் மாடு அறுத்தும் அது புதிதுபோலவே இருந்ததாம். எலும்போடு மோதாமல் மூட்டுகளின் இடைவெளியில் கத்தியை விட்டதுதான் ரகசியம். சீனாவில் இந்தக் கதையை அறியாத படிப்பாளி அரிது.

இந்தக் கத்தியில் சரித்திரமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீனக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தைவான் வசமுள்ள கின்மென் தீவின் மீது 1958 ஆகஸ்ட் 23-ல் சீன ராணுவம் குண்டு பொழியத் தொடங்கியது. 44 நாளில் விழுந்தவை நாலரை லட்சத்துக்கும் மேல். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று முறை வைத்து, பிரசார நோட்டீஸ் அடைத்த குண்டுகள் 1978 முடியும்வரை வந்தன. நோட்டீஸ் குண்டு சுக்குநூறாகச் சிதறாது. நல்ல எஃகு முழுசாகக் கிடைத்தது. தீவின் கொல்லர்கள் அதைக் காய்ச்சி அடித்துச் சமையல் கத்தியாக்கினார்கள். கின்மென் போகும் சுற்றுலாப் பயணிகள், சீனாவிலிருந்து வருகிறவர்கள் உள்பட, அதை விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.

மறுபடி பூண்டுக்கு வருவோம். நிறுவனத்தின் வாதத்தில் உலோகவியல் இல்லாமல் இல்லை. எஃகைக் கடினமாக்கினால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் அடி தாங்காது, முறியும். கொஞ்சம் இளக்கினால் அடி தாங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்பது கத்தியை என்ன வேலைக்கு விற்கிறோம் என்பதைப் பொறுத்தது. காய்கறிக் கத்தி என்று பெயரிட்டு, சீனக் கத்தியின் வடிவத்தில் செய்து, சீனக் குடும்பத்துக்கு விற்றால், வாங்கியவர் முதல் நாளே பூண்டு தட்டுவார் என்பது செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தட்டக் கூடாதென்றால் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கத்தி உடைந்த பிறகு, உன் பாட்டியின் கைப்பழக்கம் தப்பு என்று பாரிஸைச் சாட்சிக்கு அழைப்பது வியாபாரமும் அல்ல, உலோகவியலும் அல்ல. இந்த அடக்கமின்மைதான் ஜனங்களைச் சுட்டது.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் அடுக்களையும் தரையிலிருந்து மேடைக்கு ஏறிவிட்டது. அரிவாள்மணை பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது. அதன் இடத்தில் பூண்டு நசுக்க ஒன்று, வெங்காயம் பொடியாக்க ஒன்று, கேரட் சீவ ஒன்று என்று பிளாஸ்டிக் உபகரணங்கள் இழுப்பறையை நிரப்புகின்றன. கழுவுவதற்கே தனி நேரம் வேண்டும். கொல்கத்தாவின் தாங்க்ரா பகுதியில் ஹக்கா சீனர்களின் உணவு விடுதிகளில் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்க வாய்த்தால், ஒரே கத்தி இந்த அத்தனை வேலையையும் செய்வதைப் பார்க்கலாம்.

வாங்க நினைப்பவர்கள் மெல்லிய கத்தியையே வாங்குங்கள். எலும்பு, தேங்காய், உறைந்த இறைச்சி பக்கம் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடி, கிரானைட் மேல் நறுக்காமல் கனமான மரப்பலகை வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் எஃகானால் மாங்காய், எலுமிச்சை நறுக்கிய கையோடு கழுவித் துடையுங்கள், இல்லாவிட்டால் துரு ஏறும். பூண்டு தட்டும்போது வாயை உங்களுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, நடு அலகைப் பூண்டின் மேல் படியவைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு அழுத்து அழுத்துங்கள், போதும். ஓங்கி அறைய வேண்டியதில்லை. அப்புறம், காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: இதனால் பூண்டு தட்டலாமா?