துண்டுக்குக் கீழே ஒரு ஃப்ளாட்

மாட்டுச் சந்தையில் தரகர் கையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். அதற்குக் கீழே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிற நூறு பேருக்கு விலை தெரியாது. ஆனால், கடைசியில் பணம் எண்ணப்படுவது விற்கிறவர், வாங்குகிறவர் இரண்டு பேர் கண் முன்னாலும்தான்.

நம் நகரத்து வீட்டுத் தரகு இதிலிருந்து ஒரு படி முன்னேறிவிட்டது. இங்கே சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் விலை தெரியும். 'அந்த ஏரியாவுல ஸ்கொயர்ஃபீட் இவ்ளோ போகுது' என்று டீக்கடையில்கூடச் சொல்வார்கள். தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் விற்கிறவர். இன்னொருவர் வாங்குகிறவர்.

மடிப்பாக்கம் பக்கம் ஒரு பழைய ஃப்ளாட். எனக்குத் தெரிந்த தம்பதி வாங்கப் போனார்கள். தரகர் சொன்ன விலை 67 லட்சம். 'சாயந்திரம் இன்னொரு பார்ட்டி செக்கோட வர்றாங்க சார், நீங்க டோக்கன் போட்டா நிறுத்தி வைக்கிறேன்' என்றார். இந்த 'இன்னொரு பார்ட்டி'யை தமிழ்நாட்டில் இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்குப் பயந்து தினமும் ஆயிரம் பேர் டோக்கன் போடுகிறோம். இவர்களும் ஒரு லட்சம் போட்டார்கள், ரொக்கமாக. ரசீது? 'நம்பிக்கைதானே சார் எல்லாம்!'

பத்திரம் பார்த்த வக்கீல், நடுவில் ஒரு தாய்ப்பத்திரம் இல்லை என்றார். வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டால், 'அது ஓனர் கைக்குப் போயிடுச்சே' என்றார் தரகர். ஓனர் நம்பர் கேட்டால், 'அவர் யார்கிட்டயும் நேரா பேச மாட்டார்.' வில்லங்கச் சான்றில் இருந்த பெயரை வைத்துத் தேடிப் போய்க் கதவைத் தட்டினால், ஓனர் நன்றாகவே பேசினார். காபி கொடுத்தார். டோக்கன் என்று ஒரு பைசா அவர் கைக்கு வரவில்லை. அவர் தரகரிடம் சொல்லியிருந்த விலையும் 67 இல்லை, 62.

நடுவில் இருந்த ஐந்து லட்சம் யாருடையது?

பி.காம். படித்த நாங்கள் எல்லோரும் மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் எழுதியிருக்கிறோம். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம். அதில் ஏஜென்ட் என்பவர் யார், அவர் என்ன செய்யலாம், கூடாது என்று தனி அத்தியாயமே இருக்கிறது. 213-வது பிரிவு: முதலாளி கேட்டால் ஏஜென்ட் கணக்குக் காட்டியாக வேண்டும். 216: முதலாளிக்குத் தெரியாமல் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் பண்ணி லாபம் பார்த்தால், அந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம். 220: தப்பாக நடத்திய வேலைக்கு ஏஜென்ட்டுக்குக் கூலி கிடையாது. விக்டோரியா ராணி காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? மூன்று பேர் காரணம்.

முதல் ஆள், ஓனர். 'எனக்கு 62 வந்தா போதும்ப்பா, மேல வர்றதை நீ எடுத்துக்க' என்று வாயால் சொல்லிவிடுகிறார். சம்மதம் கொடுத்த பிறகு 216-வது பிரிவு அவருக்கு எப்படி உதவும்? அவர் விட்டுக்கொடுத்த அந்தப் பணம் வாங்குகிறவர் இருபது வருஷம் மாதத்தவணை கட்டப்போகும் பணம். அதோடு விட்டதா? வாங்குகிறவரிடமும் ஒரு பர்சென்ட், ரெண்டு பர்சென்ட் கமிஷன் உண்டு. வாதியிடமும் பிரதிவாதியிடமும் ஒரே வக்கீல் ஃபீஸ் வாங்கினால் ஊரே சிரிக்காதா? வீட்டு விஷயத்தில் மட்டும் அதற்குப் பெயர் 'வழக்கம்'.

இரண்டாவது ஆள், அரசாங்கம். 2016-ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தரகர்கள் பதிவு செய்ய வேண்டும், பொய் சொல்லி விற்கக் கூடாது, கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும் என்று நல்ல நல்ல விஷயமெல்லாம் இருக்கிறது. பதிவு செய்யாமல் விற்றுக் கொடுத்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். ஆனால் 9-வது பிரிவை நிதானமாகப் படியுங்கள். பில்டர் விற்கிற, பதிவு செய்யப்பட்ட புது ப்ராஜெக்ட்டுக்குத்தான் இந்தப் பதிவுக் கட்டாயம். பழைய ஃப்ளாட்டைக் கை மாற்றிவிடுகிறவருக்கும், வாடகை வீடு காட்டிவிட்டு ஒரு மாத வாடகை வாங்குகிறவருக்கும் இல்லை. நடுத்தரக் குடும்பம் அதிகம் மாட்டிக்கொள்வது அங்கேதானே! கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை.

மூன்றாவது ஆள், நாம். 200 ரூபாய் மிக்ஸி ரிப்பேருக்குப் பில் கேட்கிறோம். ஒரு லட்சத்துக்குக் கேட்கக் கூச்சப்படுகிறோம். 2015 ஜூன் முதல், வீடு-மனை விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று வருமானவரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். இது தெரிந்தும் பேப்பரில் சுற்றிக் கொடுக்கிறோம்.

சரி, சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? தரகரோடு ஃபோனில் கத்திப் பிரயோசனம் இல்லை. அவர் கத்தலில் நம்மைவிட அனுபவசாலி. நேரே ஓனரிடம் போங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம், பெயர் அதில் இருக்கும். பேசியதையெல்லாம் எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். 'இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்தேன், இன்ன தேதிக்குள் திருப்பித் தரவும்' என்று வாட்ஸ்அப்பில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று. பதில் வராவிட்டால், கமிஷன் கொடுத்து வாங்கிய சேவையில் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஓனருக்கு என்று வாங்கி ஓனரிடம் கொடுக்காமல் அமுக்கிக்கொண்டால், அது போலீஸ் விசாரிக்க வேண்டிய நம்பிக்கை மோசடி.

எல்லாத் தரகரும் இப்படியா? இல்லை. வெயிலில் பத்து வீடு காட்டி, பெட்ரோல் போட்டு அலைந்து, கடைசியில் 'பார்ட்டி'யும் ஓனரும் பின்பக்கமாகக் கைகுலுக்கிக்கொண்டதால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும் தரகரும் இருக்கிறார். அவருக்கும் கையில் ஒரு காகிதம் இல்லை. பதிவும் ஒப்பந்தமும் நம்மைவிட அவருக்குத்தான் அவசரத் தேவை.

ஆகவே கேட்பது ரொம்ப எளிமையானது. பழைய வீடு, வாடகை வீடு எதுவானாலும் தரகு செய்கிறவருக்குப் பதிவு எண் வேண்டும். அவர் யாருடைய ஆள், கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்று வீட்டைக் காட்டும் முன்பே ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓனர் சொன்ன விலை அதே காகிதத்தில் இருக்க வேண்டும். டோக்கன் ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் போக வேண்டும்.

சட்டம் வர நாளாகும். ஆனால் அந்த ஒரு பக்கக் காகிதத்தை இன்றைக்கே கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். கேட்டதும் 'என் மேல நம்பிக்கை இல்லையா சார்?' என்று தரகர் முகம் சுளித்தால், வீட்டைப் பார்க்காமலே திரும்பிவிடுங்கள்.