கைதட்டினால் வண்டி ஓடாது

டிசம்பர் 3 வந்தால் அந்தப் பேச்சும் வந்துவிடும். மாற்றுத்திறனாளிகள் தின விழா. பொன்னாடை போர்த்தி முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிப்பார். “எல்லாவற்றையும் அரசே செய்துவிட முடியாது. அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பம் இருந்தது, இப்படிப்பட்ட குழந்தைகளை அது பார்த்துக்கொண்டது. இன்று அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் இல்லை. சேவை மனப்பான்மையோடு செய்கிறீர்கள். நல்ல உள்ளங்கள் உங்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.” பலத்த கைதட்டல். கீழே உட்கார்ந்திருக்கும் தொண்டு அமைப்புகளின் களப்பணியாளர்களும் சேர்ந்துதான் தட்டுவார்கள். மேடை மாறியது, பேசுகிறவர் மாறினார், கட்சியும் மாறியது, பேச்சு மாறவில்லை. கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. வரிக்கு வரி பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், எல்லாவற்றையும் அரசே செய்ய முடியாது என்ற வரி. அரசால் வீடு வீடாகப் போக முடியாது என்பது பொய். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் 54,000க்கும் அதிகமான அங்கன்வாடிகள் இருக்கின்றன. போலியோ சொட்டு மருந்துக்காக அவற்றின் பணியாளர்கள் ஏறி இறங்காத வீடு உண்டா? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. 2013இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கே போய்க் குழந்தைகளைச் சோதிக்கின்றன. குறை தெரிந்தால் மாவட்டத் தலைநகரில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதுகிறார்கள். கண்டுபிடிக்கும் வேலையை அரசு நன்றாகவே செய்கிறது. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்ட தாய் கூலி வேலையையும் விட முடியாமல், மற்ற பிள்ளைகளையும் விட முடியாமல் திகைத்து நிற்கும் நாளிலிருந்துதான் தொண்டு அமைப்பின் வேலை தொடங்குகிறது. அது அரசின் வேலைக்கு மாற்று அல்ல, அதன் மறுபாதி.

கூட்டுக்குடும்பம் பார்த்துக்கொண்ட லட்சணம் எனக்குத் தெரியும். “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்கப்பன் அஞ்சு வயசுலதான் பேசினான்” என்று சொல்லியே காது கேளாத குழந்தைகளின் முதல் ஐந்து வருடங்களை வீணாக்கியது அந்தக் குடும்பம்தான்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது சம்பளத்தைப் பற்றிய வரி. தாய்மார்கள் டீச்சரம்மா என்று கூப்பிடும் களப்பணியாளர் ஒரு வீட்டில் என்ன செய்கிறார் என்று பேசுகிறவர் ஒரு நாளாவது கூடப்போய்ப் பார்த்ததுண்டா? மூளை முடக்குவாதம் உள்ள ஒன்றரை வயதுக் குழந்தை. கால்கள் விறைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இரண்டு கைகளிலும் மல்லாத்தித் தூக்கினால் விறைப்பு கூடும். கால்களை அகட்டி இடுப்பில் உட்காரவைத்துத் தூக்கக் கற்றுக்கொடுக்கிறார். படுக்கவைத்துச் சங்கில் பால் புகட்டினால் புரையேறும், நெஞ்சில் சளி கட்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் தாழ்த்தி ஊட்டச் சொல்கிறார். சுவர் மூலையில் தலையணையை அண்டக்கொடுத்துக் குழந்தையை உட்காரவைத்துக் காட்டுகிறார். இதற்கு நடுவே அந்தத் தாய் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, கணவர் வீட்டுக்கு வருகிறாரா, மாமியார் பேசுகிறாரா என்பதும் டீச்சரம்மாவின் கண்ணில் படுகிறது. முதல் வாரங்களில் தலையை மட்டும் ஆட்டும் தாய், மாதங்கள் கழித்து ஒரு நாள் வாய்விட்டு அழுகிறார். அதன்பிறகுதான் சொல்லிக்கொடுத்த பயிற்சி தினமும் நடக்கத் தொடங்கும். வாரம் தவறாமல் அதே ஆள் வந்ததால் கிடைத்த நம்பிக்கை அது.

இது படித்துப் பழகிச் செய்யும் தொழில். 1992ஆம் வருட இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் சிறப்பாசிரியராகவே பணியாற்ற முடியாது. படிப்பும் பதிவும் கேட்கிற நாட்டில் சம்பளத்தை மட்டும் ஏன் பேசக்கூடாத விஷயமாக்குகிறோம்? காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் அறுவை சிகிச்சை. அரசு கொடுக்கிறது, பெருமையான காரியம். அறுவை செய்யும் மருத்துவரிடம் யாராவது சேவை மனப்பான்மையோடு செய்யுங்கள் என்று கேட்கிறார்களா? கருவி பொருத்தியதும் குழந்தை பேசிவிடாது. கேட்கும் ஒலி என்ன என்றே அதற்குத் தெரியாது. வருடக்கணக்கில் தாயையும் பிள்ளையையும் எதிரே உட்காரவைத்துக் கேட்கவும் பேசவும் பழக்க வேண்டும். சென்னையில் 1969 முதல் பால வித்யாலயா இந்த வேலையைத் தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டு செய்கிறது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு 1989 முதல் மதுரம் நாராயணன் மையம், தென் மாவட்டக் கிராமங்களில் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் என்று பெயர் சொல்லக்கூடிய இடங்கள் உண்டு. பெயர் தெரியாத சிறு அமைப்புகளோ மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு மானியத்தை நம்பிக் காலம் தள்ளுகின்றன. மானியம் தள்ளிப்போனால் டீச்சரம்மா ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புதிதாக வருபவரிடம் அந்தத் தாய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூளை வேகமாக வளரும் அந்த முதல் வருடங்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இதே பேச்சைத்தான் அங்கன்வாடிப் பணியாளர்களிடமும் பல பத்தாண்டுகளாகப் பேசினார்கள். அவர்கள் வாங்குவது சம்பளம் இல்லை, மதிப்பூதியமாம். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது.

கடைசியாக நல்ல உள்ளங்கள். அவர்கள் கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. பிறந்தநாளுக்கு, திருமண நாளுக்கு, அப்பாவின் திதிக்கு மதியச் சாப்பாடு. மாற்றுத்திறனாளிகளுக்கான பல இல்லங்களில் முகூர்த்த மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இடம் கிடைக்காது. ஒரே நாளில் இரண்டு வீட்டு வடை பாயசமும் வந்து சேரும். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தரும் ஆரம்பநிலை வேலையில் பந்தி ஏது, போட்டோ ஏது? டவுன் பஸ் போகாத காட்டுக்கொட்டாய்க்குப் போகும் மொபெட்டின் பெட்ரோலுக்கு யார் பெயரில் பலகை வைப்பது? வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தைப் பெரிய அமைப்புகள் கிராமத்துச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவந்தன. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி அந்தப் பகிர்வையும் தடை செய்தார்கள். நிர்வாகச் செலவுக்கான வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறக்கினார்கள்.

பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடா வருடம் புதுப்பிக்கும் மானியத்தை மூன்று வருட ஒப்பந்தமாக்குங்கள். முதல் தவணையை ஏப்ரலிலேயே கொடுங்கள். அந்தத் தொகையில் களப்பணியாளரின் சம்பளம், பெட்ரோல், வருங்கால வைப்பு நிதி மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.