விலக்கு வேண்டாம்: செனட் மசோதா 131 குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கலிஃபோர்னியாவின் செனட் மசோதா 131 பற்றி மில்பிடாஸ் தமிழர்களான நாம் ஏன் இன்னும் வாய் திறக்கவில்லை என்று உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். செயற்குழுவில் இழுபறி இருந்தது. நம்மில் கணிசமானோருக்குச் சோறு போடுவது சிப் தொழில். அதனால் முதலிலேயே தெளிவுபடுத்துகிறோம்: இந்தத் தொழில் இங்கே இருக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை.

2025 ஜூன் 30 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட அந்தச் சட்டம், தொழிலுக்கென ஒதுக்கிய நிலத்தில் எழும் ‘உயர்நிலை உற்பத்தி’ ஆலைகளுக்கு (சிப் ஆலைகளும் இதில் அடக்கம்), 1970 முதல் நடப்பில் உள்ள கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டத்திலிருந்து விலக்கு தருகிறது. பட்ஜெட்டோடு ஒட்டவைத்து, அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் வாஷிங்டன், மானியம் பெறும் சிப் ஆலைகள் பலவற்றை மத்தியச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து விடுவித்திருந்தது. ஓராண்டுக்குள் இரண்டு கதவுகளும் சாத்தப்பட்டுவிட்டன. தீயணைப்புத் துறை, காற்றுத் தர வாரியம் ஆகியவற்றின் அனுமதிகள் தொடர்கின்றன என்பது உண்மை. ஆனால் ஆலை எழும் முன்பே அக்கம்பக்கத்தார் கேள்வி கேட்டு, எழுத்தில் பதில் பெறும் இடம் போய்விட்டது. பார்ட் ரயில் நிலையத்தைச் சுற்றிப் பழைய தொழில் நிலங்களில் அடுக்குமாடிகள் எழும் ஊர் இது. ஆலைக்கும் குழந்தையின் படுக்கையறைக்கும் நடுவே சில இடங்களில் ஒரு சாலைதான் இருக்கிறது.

இந்த விலக்கை நீக்க வேண்டும். குறைந்தபட்சம், நச்சுக் கரைப்பான்களைக் கையாளும் ஆலைகளுக்கேனும் அது பொருந்தக் கூடாது. இந்தக் ‘குறைந்தபட்சம்’ என்ற வாக்கியம் சமரசத்தில் சேர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

1981இல் ஃபேர்சைல்ட் சிப் ஆலையின் கரைப்பான் கசிவு, அது கலந்த தெற்கு சான் ஹோசே குடிநீர்க் கிணறு, அக்கம்பக்கத்து லாஸ் பாசியோஸ் குடும்பங்கள்: எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. நம் சாண்டா கிளாரா கவுன்டியில், நச்சகற்றலுக்கான மத்தியப் பட்டியலில் உள்ள சூப்பர்ஃபண்ட் தளங்கள் 23. அமெரிக்காவில் வேறு எந்தக் கவுன்டியிலும் இவ்வளவு இல்லை. தண்ணீர்த் தேவை, மின்சாரம், லாரிப் போக்குவரத்து பற்றிய கவலைகளையும் பதிவு செய்கிறோம்.

ஆனால் ரசாயனம்தான் பாதித்தது என்று நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்ற கேள்வியில் நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அறிவியல் எங்கே நிற்கிறது என்பதைச் செயற்குழுவில் உள்ள உயிரியல் துறையினரின் வற்புறுத்தலால் அளந்தே சொல்கிறோம். பென்சீன், எத்திலீன் ஆக்சைடு போன்றவை வேலையாட்களின் இரத்த அணுக்களில் குரோமோசோம்களை முறிப்பது நிறுவப்பட்டது. உலோகங்களைக் கழுவப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன், சிறுநீரகத்தில் மரபணுச் சேதத்தின் வழியாகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று மத்தியச் சுற்றுச்சூழல் முகமையே 2011இல் ஏற்றது. அந்தச் சேதம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மரபாக இறங்குகிறது என்று மனிதர்களில் உறுதியாகச் சொல்ல இன்று போதிய சான்று இல்லை. கருவிலேயே நேரடியாகப் படும் நச்சின் கதை வேறு. சிப் ஆலைப் பெண்களிடையே கருச்சிதைவு கூடுதலாக இருப்பதை 1986இல் ஒரு மாசச்சூசெட்ஸ் ஆலையில் நடந்த ஆய்வு காட்டியது. தொழில் கூட்டமைப்பே பணம் கொடுத்து நடத்தி, 1992இல் வெளிவந்த ஆய்வும் அதையே சொன்னது. கிளைக்கால் ஈதர்கள் என்ற கரைப்பான்கள் மேல் சந்தேகம் விழுந்தது. சிப் ஆலையின் தூசியற்ற அறையான கிளீன்ரூமில் தலை முதல் கால் வரை மூடும் உடை யாரைக் காக்கிறது என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள். அது மனிதத் தூசியிலிருந்து, சிப்புகள் உருவாகும் வேஃபரைக் காக்கிறது!

சரி, நோய் வந்தவர் வழக்குப் போட்டால்? சான் ஹோசே ஐபிஎம் கணினி வட்டு ஆலையில் வேலை செய்து புற்றுநோய் கண்ட இருவர் போட்ட வழக்கில் 2004 பிப்ரவரியில் நிறுவனம் வென்றது. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் இழப்பீட்டு விதிப்படி, ரசாயனத்தால் நோய் வந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. வேலையாளுக்கு நஞ்சேறியிருப்பது நிறுவனத்துக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தது என்றும் காட்ட வேண்டும். நிறுவனமே வைத்திருந்த ஊழியர் இறப்புப் பதிவேட்டை அலசிய ஆய்வு ஜூரியின் கண்ணில் படவே இல்லை, நீதிபதி அனுமதிக்கவில்லை. சுமார் 32,000 இறப்புகளை ஆராய்ந்த அந்தக் கட்டுரை 2006இல்தான் அச்சேறியது. ஆவணம் அவர்களிடம், நோய் நம்மிடம், நிரூபிக்கும் வேலையும் நம்மிடமா?

1984இல் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்த போபாலிலும் இதே வரிசைதான். நச்சுக்காற்றுப் பட்டவர்களின் குரோமோசோம் மாற்றங்களைத் தொடக்க ஆண்டுகளிலேயே பார்த்தார்கள். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1994இல் தன் ஆய்வுகளை நிறுத்திக்கொண்டது. அந்த வாயுக்கசிவின்போது கருவில் இருந்த ஆண்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் அபாயம் கூடியிருப்பதை, 2023இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பழைய கணக்கெடுப்புகளிலிருந்து தோண்டி எடுத்தார்கள். நடுவில் போன ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? பார்க்காமல் விட்டுவிட்டு “ஆதாரம் இல்லை” என்பது எங்கள் கருத்தில் நேர்மையற்றது. ‘நேர்மையற்றது’ என்ற சொல்லை மென்மையாக்கும் திருத்தம் வாக்கெடுப்பில் தோற்றது.

முன்கூட்டிய ஆய்வு வேண்டும் என்பது இதனால்தான். எதைக் கையாளப்போகிறார்கள் என்ற முதல் ஆவணத்தை அதுதான் பொதுவில் வைக்கிறது. மற்றதெல்லாம் கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ட்ரைகுளோரோஎத்திலீனுக்கு 2024 டிசம்பரில் மத்திய முகமை அறிவித்த தடை, நடைமுறைக்கு வருமுன்பே வழக்குகளிலும் ஒத்திவைப்பிலும் சிக்கியது. இனியும் தளர்த்தாமல் முழுமையாக அமல்படுத்துமாறு கோருகிறோம். மில்பிடாஸ் நகரசபை, தன் கையில் உள்ள நில உபயோக அனுமதிகளில் ரசாயனப் பட்டியலையும் பொது விசாரணையையும் நிபந்தனையாக்குவதைப் பரிசீலிக்கலாம். சிலர் ‘வேண்டும்’ என்றே எழுதச் சொன்னார்கள். கர்ப்பகாலத்தில் தாய் வேலையிடத்தில் பட்ட நச்சால் பிள்ளைக்கு வரும் பாதிப்பைத் தென் கொரியா 2023 ஜனவரி முதல் தொழில்சார் பாதிப்பாக ஏற்கிறது. கலிஃபோர்னியாவும் இதைப் படிக்கட்டும். தந்தையின் வழி வரும் பாதிப்பை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை; அதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

ஆலையிலோ ஆய்வகத்திலோ வேலை செய்தவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் எந்தெந்த ரசாயனங்களுக்கு ஆளானீர்கள் என்ற பதிவுகளை நிறுவனம் குறைந்தது 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 15 வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும். வேலையை விட்டவர்களும் கேட்கலாம், விசாவில் இருப்பவர்களும் கேட்கலாம். கடிதம் எழுத உதவி தேவைப்படுவோர் மாதக் கூட்டத்தில் செயற்குழுவினரை அணுகவும்.